இனப்படுகொலையை ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கு: விண்ணப்பம் முதல் கள அனுமதி வரை

என்னுடைய முதல் நேர்காணல் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. கம்போடியாவில் ஒரு கிராமம். தூண்களின் மேல் நிற்கும் மரவீடு, அதன் அடியில் நிழல், நிழலில் மூங்கில் கட்டில். எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் பேசத் தயாராக உட்கார்ந்திருந்தார். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அங்கீகரித்த மூன்று பக்க ஒப்புதல் படிவத்தைப் பையிலிருந்து எடுத்தேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்காக வாங்கி வைத்திருந்த மைப்பெட்டியையும் திறந்து பக்கத்தில் வைத்தேன். பாட்டியின் பார்வை அந்தச் சிவப்பு மையில் போய் நின்றது. இரண்டு கைகளையும் மடிக்குள் இழுத்துக்கொண்டார். "இன்றைக்கு உடம்பு முடியவில்லை, இன்னொரு நாள் வா பிள்ளை" என்றார்.

கெமர் ரூஜ் என்பது கம்போடியாவின் கம்யூனிஸ்ட் இயக்கம். 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை நீடித்த அதன் ஆட்சியில், ஒருவரிடம் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வாங்குவதில்தான் சந்தேகம் தொடங்கும். நோம் பென்னின் எஸ்-21 சிறையில் அடித்து வாங்கிய வாக்குமூலங்களில் கையெழுத்தும் உண்டு, கைநாட்டும் உண்டு. இதையெல்லாம் நான் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் படித்ததை என் பைக்குள் இருந்த மைப்பெட்டியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. படிவத்தைக் கைவிட்டு வாய்மொழி ஒப்புதலுக்கு மாற, குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் அனுப்பினேன். பதில் வர பதினொரு வாரம் ஆனது. அந்தப் பதினொரு வாரமும் வாடகை கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன்.

இத்துறையில் நீங்கள் தயாரிக்கும் ஒவ்வொரு தாளும் கடைசியில் ஒரு மனிதரின் முன்னால் போய் நிற்கும். அந்த மனிதரை மனத்தில் வைத்துத் தாளைத் தயாரித்தால் பாதி வேலை முடிந்தது. எனக்கு இது புரியச் சில ஆண்டுகள் பிடித்தன. உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. எலும்பா, பேச்சா: முதலில் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

"இனப்படுகொலையை ஆய்வு செய்யும் மானுடவியலாளர்" என்ற ஒரே பெயரில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. தவறான பட்டப்படிப்பில் சேர்ந்து இரண்டு ஆண்டு கழித்து வருந்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள்.

முதலாவது தடயவியல் மானுடவியல். புதைகுழியைத் தோண்டுவது, எலும்பிலிருந்து வயது, பால், காயம், இறந்த விதம் ஆகியவற்றைக் கண்டறிவது, அடையாளம் கண்ட உடலைக் குடும்பத்திடம் ஒப்படைப்பது. 1984இல் தொடங்கிய அர்ஜென்டினத் தடயவியல் மானுடவியல் குழுவும், குவாத்தமாலாவின் தடயவியல் மானுடவியல் அறக்கட்டளையும், 1996இல் உருவான காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணையமும் செய்வது இதுதான். 1995 ஜூலையில் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்ட ஏறக்குறைய 8,000 பேரில் 7,000 பேருக்கு நெருக்கமானவர்களை டி.என்.ஏ. மூலம் அடையாளம் கண்டிருக்கிறார்கள். இந்தப் பாதையில் போக உயிரியல் மானுடவியல், எலும்பியல், தொல்லியல் அகழாய்வுப் பயிற்சி எல்லாம் தேவை. முதுகலைப் பட்டத்தோடு களப்பணிக்குப் போக முடியும். நீதிமன்றத்தில் நிபுணராக நிற்க வேண்டுமானால் பெரும்பாலும் முனைவர் பட்டம் வேண்டும்.

இரண்டாவது சமூக, பண்பாட்டு மானுடவியல். கொன்றவர்களும் தப்பியவர்களும் அதே ஊரில் எப்படித் தொடர்ந்து வாழ்கிறார்கள், நீதிமன்றத் தீர்ப்பு கிராமத்துக்கு வந்து சேரும்போது என்ன பொருள் கொள்கிறது, இறந்தவர்களுக்கான சடங்கு எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கற்கும் வேலை. நான் வந்தது இந்த வழி. இக்கட்டுரையும் இதைப் பற்றித்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் இதைப் படிப்பவர்களில் பலர் 2009 மே மாதத்து முள்ளிவாய்க்காலை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் இத்துறைக்கு வருவார்கள். சொந்த மக்களின் காயத்தை ஆய்வு செய்வது தவறு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மொழியும் உறவும் உங்களிடம் இருக்கின்றன. அது மற்றவர்கள் பத்து ஆண்டு உழைத்தாலும் பெற முடியாதது. ஆனால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஊரில் இருக்கும் உங்கள் உறவினரும் பதில் சொல்ல வேண்டி வரலாம். விண்ணப்பம் எழுதுவதற்கு முன் அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். சிலர் முதல் ஆய்வை வேறொரு நாட்டில் செய்துவிட்டு, அனுபவத்தோடு சொந்த மண்ணுக்குத் திரும்புகிறார்கள். அதுவும் நல்ல வழி.

2. முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தல்

அமெரிக்காவில் மானுடவியல் முனைவர் பட்டத்துக்கு ஏழு ஆண்டுகளுக்குக் குறையாமல் கணக்கு வையுங்கள். பாடம், தகுதித் தேர்வு, மொழி, கள ஆய்வு, எழுத்து எல்லாம் சேர்த்து அவ்வளவு ஆகும். நல்ல துறைகள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாத உதவித்தொகையும் தரும். பிரிட்டனில் மூன்று நான்கு ஆண்டுகளில் முடியும், ஆனால் பணத்தைத் தனியாகத் தேட வேண்டும். ஆய்வுக் கேள்வியும் வழிகாட்டியும் முன்கூட்டியே உங்களிடம் இருக்க வேண்டும்.

அமெரிக்க விண்ணப்பங்களின் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரில் வரும். இடம் கிடைத்தால் ஏப்ரல் 15 வரை முடிவெடுக்க நேரம் தருவார்கள். ஆகவே முந்தைய ஜூன் மாதமே தொடங்குங்கள். மதிப்பெண் பட்டியல்கள், மூன்று பரிந்துரைக் கடிதங்கள், நோக்க அறிக்கை, எழுத்து மாதிரி, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் ஆகியவை தேவை. டோஃபல் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அவசரப்பட்டு முன்னதாக எழுதிவிட்டு மறுபடி பணம் கட்டியவர்களைத் தெரியும். விண்ணப்பக் கட்டணமே பல்கலைக்கழகத்துக்கு நூறு டாலர் அளவில் ஆகும். எட்டு இடங்களுக்கு அனுப்பினால் பெரிய தொகை. கட்டண விலக்கு கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கேட்பவர்களுக்குப் பல துறைகள் தருகின்றன. விதிகளில் அது தெரியும்படி எழுதியிருக்காது, அவ்வளவுதான்.

இங்கே பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. இனப்படுகொலை ஆய்வு மையங்கள் பல பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், கம்போடியாவைப் பற்றி ஆய்வு செய்த மானுடவியலாளர் அலெக்சாண்டர் ஹின்டன் தொடங்கிய மையம் நன்கு அறியப்பட்டது. ஆனால் மையம் வேறு, பட்டம் தரும் துறை வேறு. மையத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பித்துவிட்டு, உள்ளே போன பிறகு "எங்களிடம் சான்றிதழ் மட்டும்தான், பட்டம் வரலாற்றுத் துறையில்" என்ற பதிலைக் கேட்காதீர்கள். விண்ணப்பிக்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: என் பட்டத்தில் எந்தத் துறையின் பெயர் இருக்கும்? என்னை வழிநடத்தப்போகும் பேராசிரியர் அடுத்த ஐந்து ஆண்டும் இங்கே இருப்பாரா?

நோக்க அறிக்கையில் "மனிதன் ஏன் மனிதனைக் கொல்கிறான்" என்று தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். எல்லா இடங்களிலிருந்தும் மறுப்பு வந்தது. அடுத்த ஆண்டு, ஒரே ஊரில் ஒரு பகோடாவின், அதாவது பௌத்தக் கோவிலின், கொல்லப்பட்டவர்களின் எலும்புகளை வைத்திருக்கும் கூடத்தை யார் பராமரிக்கிறார்கள் என்ற சிறு கேள்வியோடு எழுதினேன். இடம் கிடைத்தது.

3. மொழி: மொழிபெயர்ப்பாளரை நம்பி இறங்காதீர்கள்

கள ஆய்வுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன் மொழியைத் தொடங்குங்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் நடக்கும் தென்கிழக்காசிய மொழிகளுக்கான கோடைப் பயிலரங்கில், எட்டு வாரத்தில் ஓர் ஆண்டுப் பாடத்தை முடிக்கலாம். அதற்குமேல் நாட்டிலேயே இருந்து கற்பதுதான் வழி.

அகராதியோடு நின்றுவிட்டால் எதை இழப்போம் என்பதற்கு இரண்டு சொற்கள். கம்போடியாவின் கெமர் மொழியில் 'கம்தெச்' என்றால் அகராதிப்படி நொறுக்குவது, பொடியாக்குவது. கெமர் ரூஜ் ஆவணங்களில் அது கொல்வதற்கான ஆணை. 'பக்ஸ்பாட்' என்றால் உடைந்த துணிவு. பேசினால் ஆபத்து என்று கற்றுக்கொண்ட உடம்பு வாழ்நாள் முழுவதும் அடங்கியே இருப்பதைக் கெமர் மக்கள் அப்படிச் சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் இதை "பயம்" என்று சொல்லிக் கடந்துவிடுவார். நீங்களும் பயம் என்று எழுதிக்கொள்வீர்கள்.

மொழி தெரிந்த பிறகும் உதவியாளர் தேவைப்படுவார். அவருக்கு நாள் கூலி, பயணம், உணவு, காப்பீடு எல்லாவற்றையும் நிதிப் பட்டியலில் சேருங்கள். சேர்க்க மறந்துவிடும் ஒன்று: ஓய்வு நாட்களுக்கான ஊதியம். என் உதவியாளர் 1979க்குப் பிறகு பிறந்தவர். கெமர் ரூஜ் காலத்து ட்ரபியாங் தமா அணைக்கட்டு வேலைத்தளத்தைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தபோது அவர் நடுவில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். வாய் திறக்கிறது, குரல் வரவில்லை. அவருடைய அம்மாவும் அங்கே மண் சுமந்தவர் என்பது எனக்கு அன்று மாலைதான் தெரிந்தது. அம்மா வீட்டில் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. அடுத்த நான்கு நாட்களுக்கு வேலையை நிறுத்தினோம். அந்த நான்கு நாள் ஊதியத்தை என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். முன்பே யோசித்திருந்தால் நிதியிலேயே இருந்திருக்கும்.

4. பணம்

வென்னர்-கிரென் அறக்கட்டளையின் முனைவர் பட்டக் கள ஆய்வு நல்கைக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். 25,000 டாலர் வரை தருகிறார்கள். கல்விக் கட்டணத்துக்கு அதைப் பயன்படுத்த முடியாது. விண்ணப்பித்த நாளிலிருந்து பணம் கையில் வர அரை ஆண்டுக்கு மேல் ஆகும். பணத்தை விடுவிப்பதற்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதியையும், தேவையான இடங்களில் நாட்டு ஆய்வு அனுமதியையும் கேட்பார்கள். ஆகவே நல்கை கிடைத்த பிறகு அனுமதி தேடலாம் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்குங்கள்.

ஹாரி ஃபிராங்க் குகன்ஹைம் அறக்கட்டளை, வன்முறையை ஆய்வு செய்யும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு எழுத்தின் கடைசி ஆண்டில் உதவுகிறது. கள ஆய்வுக்கு அது கிடைக்காது. இதை அறியாமல் களத்துக்குப் போகும் முன்பே விண்ணப்பித்து ஒரு வாய்ப்பை வீணாக்கினேன். ஃபுல்பிரைட்-ஹேஸ் முனைவர் பட்ட ஆய்வு நல்கை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வாசிகளுக்கும் மட்டுமே. பட்டியலில் எந்த நல்கையைப் பார்த்தாலும் குடியுரிமை நிபந்தனையை முதலில் படியுங்கள். தொகையைப் பிறகு பாருங்கள்.

நிதிப் பட்டியலில் பெரும்பாலோர் விட்டுவிடுபவை: ஒலிப்பதிவை எழுத்தாக்கும் செலவு (ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்து ஆறு மணி நேர உழைப்பு ஆகும், மொழிபெயர்ப்பு அதற்கு மேல்), விசா நீட்டிப்பு, அதிகாரிகளுக்கான கடிதங்களை மொழிபெயர்க்கும் கட்டணம், மனநல ஆலோசனை, ஆய்வு முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பிப் போகும் பயணம். கடைசியாகச் சொன்னதைத் தனி வரியாகவே எழுதுங்கள்.

காப்பீட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பல்கலைக்கழகம் தரும் பயணக் காப்பீடு, அரசு பயண எச்சரிக்கை விடுத்த பகுதிகளை விலக்கியிருக்கலாம். நீங்கள் போகப்போவது பெரும்பாலும் அப்படிப்பட்ட பகுதிக்குத்தான். மாவட்டத்தின் பெயரைச் சொல்லி, செல்லுமா செல்லாதா என்று எழுத்தில் கேளுங்கள்.

5. நெறிமுறைக் குழு: இங்கே அவசரப்படாதீர்கள்

குழுவின் முன் உங்கள் விண்ணப்பம் முதல் சுற்றிலேயே தேறிவிடும் என்று நினைக்க வேண்டாம். உயிர் தப்பியவர்கள், குற்றம் செய்தவர்கள், அரசியல் ஆபத்து என்று மூன்றும் ஒரே விண்ணப்பத்தில் வரும்போது முழுக் குழுவும் கூடித்தான் பரிசீலிக்கும். இரண்டு மூன்று சுற்றுத் திருத்தம் வரும். புறப்படும் நாளுக்கு ஆறு மாதம் முன்பே அனுப்புங்கள்.

வாய்மொழி ஒப்புதலை முதல் விண்ணப்பத்திலேயே கேளுங்கள். அமெரிக்க விதிகளில் இதற்கு இடமுண்டு. கையெழுத்துப் படிவமே ஒருவரைக் காட்டிக்கொடுக்கும் ஒரே ஆவணமாக இருந்தால் அதைத் தவிர்க்க முன்பிருந்தே அனுமதி உண்டு. 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், கையெழுத்திடும் வழக்கம் இல்லாத சமூகங்களையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் குழு தானாக இதை உங்களுக்குச் சொல்லாது. "இந்த நாட்டில் கைநாட்டு வாங்குவது எதை நினைவூட்டும்" என்று ஒரு பத்தி எழுதி இணையுங்கள். ஒப்புதல் கேட்கும் சொற்களை அந்த மொழியிலேயே எழுதி, மொழிபெயர்ப்போடு கொடுங்கள். மூன்று பக்கம் வேண்டாம். வாய்விட்டுச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டும்.

குற்றம் செய்தவர்களோடு பேசப் போகிறீர்களா? தொடங்கும் முன்பே அவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "இதுவரை யாருக்கும் தெரியாத குற்றத்தை, பெயரும் இடமும் நாளும் சொல்லி என்னிடம் சொல்ல வேண்டாம். ரகசியமாக வைப்பேன் என்று என்னால் உறுதி தர முடியாது." அப்படி உறுதி தந்தாலும் அது எவ்வளவு மெல்லியது என்பதற்குச் சான்று இருக்கிறது. பாஸ்டன் கல்லூரி, வட அயர்லாந்தின் ஆயுதக் குழுக்களைச் சேர்ந்தவர்களிடம், அவர்கள் இறக்கும்வரை வெளியிடுவதில்லை என்ற உறுதியோடு வாய்மொழி வரலாறுகளைப் பதிவு செய்திருந்தது. 2011இல் பிரிட்டன் காவல்துறைக்காக அமெரிக்க நீதித்துறை அந்தப் பதிவுகளைக் கேட்டு ஆணை அனுப்பியது. வழக்கு நடந்தது, பதிவுகளில் ஒரு பகுதி கைமாறியது. பேசியவர்கள் ஆய்வாளரின் சொல்லை நம்பிப் பேசியிருந்தார்கள்.

மனநல அளவுகோல் எதையாவது கேள்வித்தாளில் சேர்க்கும் முன் இருமுறை யோசியுங்கள். துயர அறிகுறிகளை மதிப்பெண் போட்டு அளக்கத் தொடங்கினால் பல நாடுகளில் உங்கள் ஆய்வு சுகாதார ஆய்வாகிவிடும். அதற்குத் தனி தேசியக் குழு, தனி விண்ணப்பம், தனிக் கட்டணம்.

பேசிய பிறகு ஒருவர் உடைந்துபோனால் யாரிடம் அனுப்புவீர்கள் என்று குழு கேட்கும். "அருகிலுள்ள மருத்துவமனை" என்று எழுதித் தப்பிக்காதீர்கள். கம்போடியாவில் டி.பி.ஓ. என்ற உளசமூக அமைப்பு, கெமர் ரூஜ் தலைவர்களை விசாரித்த தீர்ப்பாயத்தில் சாட்சி சொன்னவர்களுக்குத் துணை நின்ற அனுபவம் உள்ளது. இப்படி ஒரு அமைப்பை முன்பே தொடர்புகொண்டு, ஒத்துக்கொண்ட கடிதத்தை வாங்கி இணையுங்கள்.

6. நாட்டு அனுமதியும் விசாவும்

ருவாண்டாவில் ஆய்வு செய்ய தேசிய அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சிலின் அனுமதியும், தேசிய நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தேவைப்படும். உள்ளூர் நிறுவனம் ஒன்று உங்களோடு இணைந்திருக்க வேண்டும். அந்த இணைப்புக் கடிதம் கிடைக்கவே மாதங்கள் ஆகும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் உள்ளூர் நிறுவனம், பிறகு உங்கள் பல்கலைக்கழகக் குழு, பிறகு நாட்டுக் குழு, பிறகு ஆய்வு அனுமதி, கடைசியில் விசா. மூன்றாவதை விட்டுவிட்டு ஐந்தாவதுக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

கம்போடியாவில் விசா எளிது. அந்த எளிமையில்தான் சிக்கல் இருக்கிறது. சுற்றுலா விசாவை ஒரே ஒருமுறை, ஒரு மாதத்துக்கு மட்டுமே நீட்டிக்க முடியும். நீண்ட ஆய்வுக்கு 'இ' வகைச் சாதாரண விசாவில் நுழையுங்கள். நுழைவுக் கட்டணம் 35 டாலர். உள்ளே போன பிறகு ஓராண்டு வரை நீட்டிக்கலாம். ஆனால் விசா ஆய்வு அனுமதி ஆகாது. மாகாணம், மாவட்டம், கொம்யூன், கிராமம் என நான்கு படிகளிலும் கெமர் மொழியில் எழுதிய, முத்திரை குத்திய கடிதம் கையில் இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகப் போங்கள். கிராமத் தலைவரை முதலில் பார்த்துவிட்டால், மாவட்ட அலுவலகத்துக்குத் தெரியும்போது அவருக்குத்தான் கேள்வி வரும்.

கிராமத் தலைவர் மரியாதைக்காக உங்களோடு ஒவ்வொரு வீட்டுக்கும் வருவார். அவருடைய பழைய வாழ்க்கை உங்களுக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்திருக்கும். முதல் சுற்றில் அவரோடு போய் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். குறிப்பேட்டைத் திறக்க வேண்டாம். இரண்டாவது முறை தனியே போங்கள்.

விண்ணப்பத்தில் 'இனப்படுகொலை' என்ற சொல்லைப் பயன்படுத்துவதிலும் கவனம் வேண்டும். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. ஏற்ற உடன்படிக்கை, தேசிய, இன, மரபின, சமயக் குழுக்களை மட்டுமே பாதுகாக்கிறது. அரசியல் குழுக்கள் அதில் இல்லை. அதனால்தான் கெமர் ரூஜ் தீர்ப்பாயம் 2018 நவம்பரில் வியட்நாமியர், சாம் முஸ்லிம்கள் தொடர்பாகத்தான் இனப்படுகொலைத் தீர்ப்பு வழங்கியது. கொல்லப்பட்ட பெரும்பான்மைக் கெமர் மக்கள் அந்தச் சட்டச் சொல்லுக்கு வெளியே நின்றார்கள். மக்கள் பேச்சில் எல்லாமே இனப்படுகொலைதான். நீங்கள் மக்களின் சொல்லை எழுதுகிறீர்களா, சட்டத்தின் சொல்லை எழுதுகிறீர்களா என்று விண்ணப்பத்தில் ஒரு வரியில் தெளிவாக்குங்கள். சில நாடுகளில் அந்தச் சொல்லே குற்றம். வேறு சில நாடுகளில் அதை மறுப்பது குற்றம். ருவாண்டாவில் இனப்படுகொலைக் கருத்தியலுக்கு எதிரான சட்டம் இருக்கிறது. அங்கே ஒருவரிடம் அவர் ஹூட்டுவா டுட்சியா என்று நேரடியாகக் கேட்பது அவரையும் உங்களையும் சிக்கலில் மாட்டும்.

7. தரவைக் காப்பது

பெயர்ப் பட்டியல் ஓரிடம், ஒலிப்பதிவு வேறிடம், குறிப்பேடு மூன்றாவது இடம். மூன்றும் ஒரே பையில் எல்லையைக் கடக்கக் கூடாது. ஒலிப்பதிவை அன்றிரவே மறைகுறியாக்கிச் சேமித்துவிட்டு, பதிவுக் கருவியிலிருந்து அழியுங்கள். கைப்பேசியில் எடுக்கும் படங்களில் இடத்தின் குறியீடு பதிவாகும். அமைப்புகளில் அதை நிறுத்துங்கள்.

புனைபெயர் வைத்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முந்நூறு வீடுள்ள ஊரில் "ஒரு கை இழந்த பழைய ஆசிரியர்" என்று எழுதினால் பெயர் எழுதியதற்குச் சமம். விவரத்தை மாற்றுங்கள், இரண்டு பேரை ஒருவராக்காதீர்கள். அது பொய்ச் சாட்சியமாகிவிடும். தேவைப்பட்டால் அந்தக் கதையையே விட்டுவிடுங்கள். நான் விட்டவற்றில் மிக நல்ல கதைகள் இருக்கின்றன.

ஊரில் பழகியவர்கள் ஃபேஸ்புக்கில் நட்பு அழைப்பு அனுப்புவார்கள். மறுப்பது முகத்தில் அடித்தது போலிருக்கும். ஆனால் ஏற்றுக்கொண்டால் உங்களோடு பேசியவர்களின் பட்டியல் உலகத்துக்கே திறந்து கிடக்கும். முதல் வாரத்திலேயே "நான் அதில் இல்லை" என்று சொல்லும்படி கணக்கை மூடிவிட்டுப் போங்கள்.

8. எந்த மாதம் போவது

நினைவு நாட்களைச் சுற்றி முதல் நேர்காணலை வைக்காதீர்கள். ருவாண்டாவில் 1994 இனப்படுகொலையை நினைவுகூர ஏப்ரல் 7 தொடங்கும் துக்க வாரத்தில் பலருக்குப் பழைய நாட்கள் அப்படியே திரும்பி வந்து உடம்பை ஆட்டிவைக்கும். 'இஹஹமுகா' என்று அதற்குப் பெயர் உண்டு. செய்தியாளர்களும் அப்போதுதான் குவிவார்கள். அந்த நாட்களில் கேள்வி கேட்காமல் கூட்டத்தில் ஒருவராக நில்லுங்கள். கம்போடியாவில் நாற்று நடும் பருவத்தில் யாருக்கும் நேரமிருக்காது. இறந்தவர்களுக்குச் சோறு படைக்கும் பச்சும் பென் பதினைந்து நாட்கள், செப்டம்பர் அல்லது அக்டோபரில் வரும். அப்போது ஊரில் இருங்கள். பெயர் தெரியாமல் இறந்துபோனவர்களுக்காக விடியற்காலை இருட்டில் பகோடாவைச் சுற்றி எறியும் சோற்றுருண்டைகளைப் பார்த்த பிறகு, உங்கள் கேள்வித்தாளில் பாதியை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

9. உங்கள் தூக்கம்

எஸ்-21 படங்களை, நெஞ்சில் எண் குத்திய அந்த முகங்களை, நான் மூன்று மாதம் தொடர்ந்து காப்பகத்தில் பார்த்தேன். பிறகு பேருந்தில் எதிரே உட்கார்ந்தவரின் சட்டையில் எண்ணைத் தேடத் தொடங்கினேன். அப்போதாவது யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். ஆலோசகர் ஒருவரைப் புறப்படும் முன்பே கண்டுபிடித்து, களத்திலிருந்து மாதம் இருமுறை பேச நாள் குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும்போதும் அந்த நாளைத் தவறவிடாதீர்கள். காப்பக வேலையை ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் செய்ய வேண்டாம். படம் பார்க்கும் வேலையை மாலைக்குப் பிறகு வைக்கவே வேண்டாம்.

10. பிறகு வேலை

பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. அருங்காட்சியகங்கள், உண்மை ஆணையங்கள், மனித உரிமை அமைப்புகள், புகலிட வழக்குகளில் நாட்டு நிபுணர் அறிக்கை எழுதுவது ஆகியவற்றையும் கணக்கில் வையுங்கள். நீதிமன்றமும் அழைக்கலாம், ஹின்டன் 2016 மார்ச்சில் கெமர் ரூஜ் தீர்ப்பாயத்தில் நிபுணராகச் சாட்சி சொன்னார். அப்படி அழைப்பு வந்தால், உங்கள் குறிப்பேடுகளை எதிர்த்தரப்பு கேட்குமா என்று வழக்கறிஞரிடம் முதலில் கேளுங்கள். ராணுவத்துக்காகக் கள ஆய்வு செய்யும் வேலைகளும் நல்ல சம்பளத்தோடு வரும். அமெரிக்க மானுடவியல் சங்கம் 2007 அக்டோபரில் அப்படிப்பட்ட ஒரு திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தது. நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். நீங்களும் போக வேண்டாம் என்றே சொல்வேன்.

11. திரும்பிப் போவது

ஆய்வேடு முடிந்த பிறகு ஒருமுறை ஊருக்குப் போக வேண்டும் என்று நிதிப் பட்டியலில் தனி வரி எழுதச் சொன்னேன். நல்கைக் காலம் முடிந்த பிறகு அந்தத் தொகையைச் செலவழிக்க, முன்கூட்டியே எழுத்தில் நீட்டிப்பு கேட்க வேண்டும். கடைசி மாதத்தில் கேட்டால் தர மாட்டார்கள். போகும்போது, உங்களோடு பேசிய ஒவ்வொருவருக்கும் அவரவர் குரல் மட்டும் இருக்கும் தனிக் கோப்பை, வேறு யாருடைய பெயரும் இல்லாமல், கொண்டு செல்லுங்கள். அதை வாங்கிக்கொள்ள விருப்பமா என்று முதலில் கேளுங்கள். சிலர் வீட்டில் அது இருப்பதையே விரும்ப மாட்டார்கள்.

மைப்பெட்டியைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்ட பாட்டி, பதினொரு வாரம் கழித்து நான் வெறுங்கையோடு போய் உட்கார்ந்தபோது மூன்று மணி நேரம் பேசினார். திரும்பிப் போனபோது குரல் கோப்பு வேண்டாம் என்றார். தன் தம்பியின் பெயரை மட்டும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பச்சும் பென் நாளில் பிக்குவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதற்காக அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.